மெய்யா, பொய்யா? விந்தைச் செய்திகளும் நாமும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழாவுக்குப் பேச வருகிறவர்கள் கல்வியின் சிறப்பு, ஒழுக்கத்தின் மேன்மை, தாய்மொழியின் இனிமை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். அவற்றை உங்கள் ஆசிரியர்கள் தினமும் சொல்கிறார்கள். நானும் சொன்னால் பின்வரிசையில் இருப்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். ஆகவே விந்தைச் செய்திகளைப் பற்றிச் சிறிது நேரம் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முன்பெல்லாம் தோட்டத்தில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ அப்படித்தான் பல லயங்களில் ஒலித்தது. தலையங்கம் படிக்கும்போது வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பவர்கள்கூட, ‘இரண்டு தலைக் கன்றுக்குட்டி பிறந்தது’ என்றால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். இன்றைக்கு அந்தப் பத்திரிகையின் இடத்தில் கைத்தொலைபேசி இருக்கிறது. வாட்ஸ்அப் என்று சொல்கிற புலனத்தில் நாளொன்றுக்குப் பத்து இரண்டு தலைக் கன்றுக்குட்டி பிறக்கிறது! இவற்றில் எது மெய், எது பொய்? அதுதான் இன்றைய பேச்சு.

மாணவர்களே, நான் ஒவ்வொரு கதையாகச் சொல்கிறேன். மெய் என்று நினைத்தால் வலது கையைத் தூக்குங்கள். பொய் என்று நினைத்தால் இடது கை. பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத் தூக்கக் கூடாது. பெற்றோர்களும் தூக்கலாம், தப்பில்லை.

முதல் கதை. சரவாக்கில் மலைமேலுள்ள ஓர் ஊரில் விமானத்திலிருந்து பூனைகளைக் குடைகட்டி இறக்கினார்கள். மெய்யா, பொய்யா?

இடது கைதான் நிறையத் தெரிகிறது. ஆனால் இது மெய்! 1950ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சலை ஒழிப்பதற்காக, உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு சரவாக்கின் நீண்ட வீடுகளில் டி.டி.டி. மருந்து அடித்தார்கள். கொசு செத்தது, காய்ச்சல் குறைந்தது. கூடவே பூனைகளும் செத்தன. பூனைதான் சும்மா இருக்காதே, எந்நேரமும் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும். மேலே ஒட்டிய மருந்து அப்படி வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும் என்கிறார்கள். பூனை போனதும் எலிக்குக் கொண்டாட்டம். 1960ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரிட்டிஷ் ஆகாயப்படை விமானம் ஒன்று கெலாபிட் மேட்டுநிலத்திலுள்ள பாரியோ என்ற ஊருக்குச் சாமான்களை இறக்கியபோது, கூடைகளில் பூனைகளையும் அடைத்துப் பாரசூட்டில் இறக்கியது.

எத்தனை பூனை தெரியுமா? இருபத்துச் சொச்சம். ஆனால் இப்போது இந்தக் கதையைப் படித்தீர்களானால் ‘14,000 பூனைகள்’ என்று போட்டிருப்பார்கள். காக்கா காக்காவாக வாந்தி எடுத்தவன் கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். வாந்தி கொஞ்சம் கறுப்பாக இருந்தது என்று ஒருவன் சொல்ல, காக்காய் நிறத்தில் இருந்ததாம் என்று அடுத்தவன் சொல்ல, ஊர்க்கோடிக்குப் போவதற்குள் காக்காய் கூட்டம் கூட்டமாய்ப் பறந்துவிட்டது. பூனைக் கதையும் அப்படித்தான். அடி உண்மை, நுனி பொய். முழுப் பொய்யைவிட இது கண்டுபிடிக்கக் கஷ்டமானது என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது கதை. மேல்நாட்டில் ‘ஸ்பகெட்டி’ என்று ஒரு வகை மீ சாப்பிடுகிறார்கள் அல்லவா? அது சுவிட்சர்லாந்தில் மரத்தில் காய்க்கிறது. பெண்கள் கூடையோடு போய்ப் பறித்து வெயிலில் காயப்போடுகிறார்கள். மெய்யா, பொய்யா?

சிரிக்கிறீர்கள். மீ கொரேங் சாப்பிடுகிற ஊரில் இதை யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி இலண்டன் பி.பி.சி. தொலைக்காட்சி இதைப் படத்தோடு காட்டியது. முட்டாள்கள் தினத்துக்காகச் செய்த கேலி அது. ஆனால் படித்தவர்கள் பலரே நம்பிவிட்டார்கள். அந்த மரத்தை வீட்டில் வளர்ப்பது எப்படி என்று தொலைபேசியில் கேட்டார்கள். ‘ஒரு கிளையைத் தக்காளிச் சாறு உள்ள டின்னில் நட்டு வைத்துவிட்டு, நல்லதே நடக்கும் என்று நம்புங்கள்’ என்று பதில் சொன்னார்களாம்!

அவர்கள் ஏன் ஏமாந்தார்கள்? அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஸ்பகெட்டி பலருக்குப் பழக்கமில்லாத உணவு. சொன்னவரோ நாடு முழுவதும் மதித்த செய்தியாளர். தெரியாத விஷயத்தை மதிப்பான குரலில் சொன்னால் யாரும் ஏமாறுவார்கள். படிப்பு மட்டும் காப்பாற்றாது, கேள்வி கேட்கிற பழக்கமும் வேண்டும்.

மூன்றாவது கதை. அமெரிக்கா வானத்துக்கு அனுப்பிய ஒரு கூடம் உடைந்து ஆஸ்திரேலியாவில் விழுந்தது. ‘எங்கள் ஊரில் குப்பை போட்டதற்கு அபராதம் கட்டு’ என்று அந்த ஊர்க்காரர்கள் அமெரிக்காவுக்குச் சீட்டுக் கொடுத்தார்கள். மெய்யா, பொய்யா?

மெய்தான். அதுதான் ஸ்கைலாப். வயதான பெரியவர்கள் சிலர் தலையாட்டுகிறீர்கள், நினைவு இருக்கிறது போலும். 1973இல் மேலே போன அந்த 77 டன் ஆய்வுக்கூடம் 1979 ஜூலை 11ஆம் தேதி விழுந்தது. எங்கே விழும் என்று முன்கூட்டித் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. உலகமே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாவது உறுதி, சாப்பிட்டுவிட்டாவது சாவோம் என்று தென்னிந்தியக் கிராமங்களில் ஆடு கோழி அடித்துத் தின்றவர்கள் உண்டென்று இன்றும் சொல்வார்கள். கடைசியில் பெரும்பகுதி இந்துமாக் கடலில் விழுந்தது. மீதி மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பரன்ஸ் என்ற ஊர்ப்பக்கம் சிதறியது. ஒருவருக்கும் காயமில்லை. எஸ்பரன்ஸ் ஊராட்சி 400 டாலர் அபராதம் விதித்தது, விளையாட்டாகத்தான். நாசா கட்டவில்லை. 30 ஆண்டு கழித்து, 2009இல், ஓர் அமெரிக்க வானொலி அறிவிப்பாளர் நேயர்களிடம் வசூல் செய்து கட்டி முடித்தார்.

அந்த ஊரில் 17 வயதுப் பையன் ஒருவன் தன் வீட்டுக் கூரையிலும் வளாகத்திலும் கிடந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு விமானமேறி, அமெரிக்கப் பத்திரிகை ஒன்று அறிவித்திருந்த 10,000 டாலர் பரிசை வாங்கிவிட்டான். ஆடு வெட்டித் தின்றவர்களுக்கு ஆடு போனதுதான் மிச்சம், விவரமாக விசாரித்தவனுக்குப் பரிசு!

நான்காவது கதையைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இது உங்கள் வட்டாரத்துக் கதை. ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் விட்டார்கள். அந்த வண்டு நாடு முழுவதும் தோட்டத் தொழிலாளர் செய்துவந்த ஒரு வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. மெய்யா, பொய்யா?

மாணவர்கள் இடது கை. பெரியவர்களில் சிலர் மட்டும் வலது கை. பெரியவர்கள் ஜெயித்தார்கள், ஒரு கைதட்டல் கொடுங்கள்!

செம்பனை நம் நாட்டு மரமன்று, மேற்கு ஆப்பிரிக்க மரம். 1917இல் கோலசிலாங்கூர்ப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில் நட்டார்கள். ஒரே மரத்தில் ஆண் பூ தனியாகவும் பெண் பூ தனியாகவும் வெவ்வேறு சமயத்தில் வரும். மகரந்தத்தைக் காற்றே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். ஆனால் இங்கே குலையில் காய் சரியாகப் பிடிக்கவில்லை. ஆகவே ஆட்களை வைத்து, ஆண் பூவின் தூளை எடுத்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவில் தூவச் செய்தார்கள். அந்த வேலை செய்த கைகள் இந்த மண்டபத்திலும் இருக்கலாம்.

ஆப்பிரிக்காவில் யாரும் தூள் தூவுவதில்லையே, அங்கே மட்டும் எப்படிக் காய்க்கிறது என்று ஒரு கேள்வி எழுந்தது. கேள்வியென்றால் இதுவல்லவா கேள்வி! பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையது என்பவரைக் கமெரூன் நாட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கூன்வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று அவர் கண்டுகொண்டார். செம்பனைப் பூவுக்குச் சோம்பு போல ஒரு வாசனை உண்டு. ஆண் பூவில் வண்டுக்குத் தீனியும் இருப்பிடமும் கிடைக்கும். பெண் பூவும் அதே வாசனையை விட்டு வண்டை ஏமாற்றி வரவழைக்கும். வந்த வண்டு மேலே ஒட்டிய தூளை உதறிவிட்டுப் போகும். பாருங்கள், பூவும் பொய்ச்செய்தி அனுப்புகிறது!

வேறு பயிரைத் தின்னுமா, கேடு செய்யுமா என்றெல்லாம் சோதித்துப் பார்த்த பிறகே, 1981ஆம் ஆண்டு பிப்ரவரியில் குளுவாங் வட்டாரத்தில் வண்டை விட்டார்கள். கொஞ்ச காலத்தில் தீபகற்பம் முழுக்கப் பரவியது. குலை கனத்தது, காய் நெருங்கிப் பிடித்தது. தூள் தூவுகிற வேலை நின்றது. தோட்டத்துக்கு அது நல்ல செய்தி. அந்தக் கூலியை நம்பியிருந்த குடும்பத்துக்கு என்ன செய்தி என்று எந்தப் பத்திரிகையும் பெரிதாக எழுதவில்லை. ஒரு செய்தி எல்லாருக்கும் ஒரே செய்தியாக இருப்பதில்லை, பிள்ளைகளே.

ஐந்தாவது கதை. திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு மேலே வரும்போது நாசாவின் செயற்கைக்கோள் மூன்று விநாடி நின்றுவிட்டுப் போகிறது. விஞ்ஞானிகள் அதிசயித்தார்கள். மெய்யா, பொய்யா?

இப்போது கை தயங்குகிறது. சாமி விஷயம் பாருங்கள்! நான் சாமியைச் சொல்லவில்லை, செயற்கைக்கோளைத்தான் சொல்கிறேன். தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் ஒரு விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகம் இருப்பதால்தான் கீழே விழாமல் சுற்றுகிறது. மூன்று விநாடி நின்று, மறுபடி அதே வேகத்தில் ஓட அதற்கு வழியே இல்லை. இன்னொரு வகை உண்டு. 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே, பூமி சுற்றும் அதே வேகத்தில் சுற்றுவது. அது எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும். உங்கள் வீட்டு ஆஸ்ட்ரோ தட்டு ஏன் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கிறது? அதனால்தான். ஆனால் திருநள்ளாறு நிலநடுக்கோட்டில் இல்லை. ஆக, எந்த வழியில் பார்த்தாலும் கதை பொய்.

திருநள்ளாற்றுக்குப் போய் நளன் குளத்தில் குளித்து வணங்கி வருகிற பக்தருக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு? செயற்கைக்கோள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தேவாரத்தில் இடம்பெற்ற தலம் அது. பொய்யை முட்டுக்கொடுத்துத் தாங்க வேண்டிய நிலையில் நம் பக்தி இல்லை என்பதைப் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன்.

தீபாவளி வந்தால் இன்னொன்று வரும். ‘வானத்திலிருந்து எடுத்த தீபாவளி இரவு’ என்று இந்திய வரைபடம் சிவப்பும் பச்சையும் நீலமுமாக மின்னும். அழகான படம்தான். ஆனால் அது ஓர் இரவில் எடுத்ததன்று. அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் 1992, 1998, 2003 என்று பல ஆண்டு விவரங்களைச் சேர்த்து, எந்த ஊரில் எப்போது புதிதாக விளக்கு வந்தது என்று காட்ட வண்ணம் கொடுத்தது அது. நாசாவே 2012இல் இதை விளக்கி, உண்மையான தீபாவளி இரவுப் படத்தையும் வெளியிட்டது. அந்தப் படத்தில் வழக்கமான ஊர் வெளிச்சம்தான் தெரிந்தது. வானத்திலிருந்து பார்த்தால் அகல் விளக்கு தெரியாது. பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும். அதுபோதாதா?

நம் ஜொகூர் மாநிலத்துக் காட்டு மனிதனையும் மறக்கக் கூடாது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் கோத்தா திங்கி காட்டில் பத்தடி உயர ‘மாவாஸ்’ நடமாடுகிறது என்று உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. ஆளை ஆள் தேடினார்கள். ஓர் எலும்போ முடியோ தெளிவான படமோ இன்றுவரை நிரூபணமாகக் கிடைக்கவில்லை. மெய்யென்று சாட்சி வரும்வரை அது கதைதான். பிள்ளைகள் சாப்பிடாவிட்டால் ‘மாவாஸ் வருது’ என்று பயமுறுத்தலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பெரியோர்களே, தாய்மார்களே, இதுவரை சிரித்தோம். இனிச் சொல்லப்போவது சிரிக்கிற செய்தி அன்று. பிள்ளைகளும் கேட்கட்டும்.

2018ஆம் ஆண்டு மே மாதம். தமிழ்நாட்டில் ‘வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஊர் ஊராகச் சுற்றியது. அந்தச் சமயத்தில் சென்னையைச் சேர்ந்த 65 வயது அம்மையார் ஒருவர், உறவினர்களோடு காரில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலைத் தேடிப் போனார். அந்த உறவினர்களில் நம் மலேசியாவிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். வழியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அம்மையார் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஊர் கூடிவிட்டது. அந்த அம்மையாரை அடித்தே கொன்றுவிட்டார்கள். மற்றவர்கள் படுகாயமடைந்தார்கள்.

நம்மில் எத்தனை பேர் இந்தியாவுக்குப் போகிறோம்! தாத்தா பிறந்த ஊரைத் தேடி, பாதி மறந்துபோன குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி வழி கேட்கிறோம். பிள்ளைகளைக் கண்டால் கையில் இருக்கிற மிட்டாயைக் கொடுக்கிறோம். கொடுக்கிற கை நம் கை. அடித்தவர்களும் கொள்ளைக்காரர்கள் அல்லர். தங்கள் பிள்ளைகளின்மேல் பாசம் உள்ள, நம்மைப் போன்ற சாதாரணக் கிராமத்து மக்கள். அந்தப் பொய்ச்செய்தியை அனுப்பிய நூற்றுக்கணக்கான பேரும் ‘நல்லதுக்குத்தானே அனுப்புகிறோம், நாலு பேர் பிள்ளை பத்திரமாக இருக்கட்டும்’ என்று நினைத்துத்தான் அனுப்பியிருப்பார்கள். ஆளுக்கு ஒரு விரல்தான் அசைத்தார்கள். ஓர் உயிர் போய்விட்டது.

இப்படி இந்தியாவில் பல இடங்களில் நடந்த பிறகே, ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்குமேல் அனுப்ப முடியாதபடி அந்த நிறுவனம் 2018இல் அங்கேயும், 2019இல் உலகம் முழுவதும் கட்டுப்பாடு வைத்தது. கட்டுப்பாடு ஓரளவுக்குத்தான் உதவும். மீதி நம் கையில் இருக்கிறது.

என்ன செய்யலாம்? பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். மூன்று கேள்வி போதும். முதலாவது, இதை யார் சொன்னது? ‘ஒரு டாக்டர் சொன்னார்’ என்றால் எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி? இரண்டாவது, எப்போது, எங்கே நடந்தது? தேதியும் ஊரும் இல்லாத செய்தி முகவரி இல்லாத கடிதம். மூன்றாவது, இதை நான் அனுப்பி, அது பொய்யாகப் போனால் யாருக்குக் கேடு? இந்த மூன்றாவது கேள்வியை ஒரே ஒருவர் கேட்டிருந்தாலும் அந்தச் சங்கிலி அவரோடு அறுந்திருக்கும்.

சந்தேகமாக இருந்தால் விசாரிக்க இடமும் உண்டு. நம் நாட்டுத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017இல் ‘செபெனார்ஞா’ என்ற இணையத் தளத்தைத் தொடங்கியது. ‘உண்மையில்’ என்பது அதன் பொருள். பரவுகிற செய்தி மெய்யா பொய்யா என்று அதில் பார்க்கலாம். மலாய் மொழியில் இருந்தால் என்ன? நம் பிள்ளைகள் மூன்று மொழி படிக்கிறார்கள். அப்பா அம்மாவுக்குப் படித்துக் காட்டட்டும். அந்தக் காலத்தில் படித்தவர் பத்திரிகையை உரக்கப் படித்தார். இந்தக் காலத்தில் பிள்ளைகள் படிக்கட்டும்.

பணம் கேட்டு வருகிற செய்திக்கு மட்டும் தனியாக ஒரு சொல். ‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது’, ‘நாங்கள் போலீஸ், உங்கள் பேரில் வழக்கு இருக்கிறது, இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்’ என்று யாராவது கூப்பிட்டால், மறுபேச்சுப் பேசாமல் வைத்துவிடுங்கள். தெரியாமல் பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு மூடி வைக்காதீர்கள். 2022இல் அரசாங்கம் ஏற்படுத்திய 997 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. வெயிலிலும் மழையிலும் குலை வெட்டிச் சேர்த்த வெள்ளி அது. ஒரு தொலைபேசி அழைப்பில் போய்விடக் கூடாது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார்கள் சொன்னார்கள். வள்ளுவரும் அறிவுடைமை அதிகாரத்தில் இதையே சொல்லி வைத்தார். அந்தக் குறள் மாணவர்களுக்கு மனப்பாடம். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிக் காட்டுங்கள், பொருளும் சொல்லுங்கள்.

விந்தையைக் கண்டு வியப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. வியப்புதான் அறிவுக்கு வாசல். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் உலகமே விந்தை நிறைந்தது. குளுவாங் என்ற பெயரே ‘கெலுவாங்’ என்ற மலாய்ச் சொல்லிலிருந்து, அதாவது பழந்தின்னி வௌவாலிலிருந்து வந்தது. உங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற செம்பனையில் கமெரூன் நாட்டு வண்டின் வாரிசுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நாளைக்கு ஓர் ஆண் பூவைத் தட்டிப் பாருங்கள், உதிரும். இது மெய்யா பொய்யா என்று என்னைக் கேட்க வேண்டாம், உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பரிசு பெறும் மாணவர்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். அடுத்த ஆண்டு பரிசு பெறப் போகிறவர்களுக்கும் இப்போதே வாழ்த்துகள். நான் சொன்ன எதையும் அப்படியே நம்பிவிடாமல் விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.